ஒளிக்கல்லும் மணல் ஊற்றும்

மூங்கில்பள்ளக் காட்டில் ஒரே ஒரு குளம். கோடை வந்தால் அது வற்றிக் கலங்கிவிடும். அதே நேரம் பார்த்துக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வருடா வருடம் இதே கூத்துதான். ஏன் வருகிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. செவலை என்ற புள்ளிமான் போன கோடையில் தன் குட்டியைப் பறிகொடுத்தவள். இந்தக் கோடையில் புதுக்குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அதை ஒரு நொடியும் விட்டுப் பிரியாமல் திரிந்தாள்.

அப்போது ஒரு பருந்து சேதி கொண்டு வந்தது. மூன்று மலை தாண்டி ஒளிக்கற்கள் இருக்கின்றனவாம். கல்லுக்குள் வெளிச்சம் ஓடுமாம். நோயாளி ஒரு பகல் பக்கத்தில் படுத்தால் போதுமாம், எழுந்து நடந்துவிடுமாம். ஒரு கல்லை நாம் எடுத்துக்கொள்ள அந்தக் காட்டுக்காரர்களுக்குச் சம்மதமாம்.

காடு மொத்தமும் மூச்சு விட மறந்து கேட்டது. யானைக் கூட்டத்தின் தலைவி காராத்தா, தன் கூட்டமே போய் அதை உருட்டி வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். யானைக்குப் பலத்தைக் காட்ட ஒரு சாக்கு கிடைத்தால் விடுமா?

"முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றது ஒரு குரல். தேவாங்குதான். நாலு அடி நடக்க நாழிகை ஆகும் என்பதால் அவனுக்குத் தூங்கன் என்றே பெயர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வழியையும் யாராவது பார்த்தாக வேண்டுமே! காராத்தா ஓர் இளம் யானையின் முதுகில் அவனை ஏற்றி அனுப்பினாள்.

தூங்கன் அந்தக் கல்லைப் பார்த்தான். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு காட்சியை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. பாலும் தேனும் கலந்தது போன்ற வெளிச்சம் கல்லுக்குள் மெல்ல நகர்ந்தது. காலையில் நாக்குத் தள்ளிக் கிடந்த ஒரு கரடி, சாயங்காலம் எழுந்து புற்றைக் கிளறப் போயிற்று. தூங்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீரே வந்துவிட்டது.

அழுதுவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. அவன் ஐந்து நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தான். ஒரு கல்லால் ஒரு நாளைக்கு ஒரு நோயாளிதான் பிழைக்க முடிந்தது. பலசாலிகள் முண்டி முன்னால் போனார்கள். முயலும் மானும் காத்திருந்தே செத்தன. கல் இருந்த பள்ளத்திலிருந்து அதை மேலேற்ற எத்தனை யானை வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்றும் பார்த்துக்கொண்டான்.

அவன் ஊர் திரும்பியபோது நோய் பரவிவிட்டிருந்தது. நாற்பது குட்டிகள் படுத்துவிட்டன. செவலையின் குட்டியும் அதில் ஒன்று. கிளம்பலாமா என்று யானைகள் துடித்தன. இவனோ அந்த இளம் யானையின் முதுகிலேயே ஒவ்வொரு குடும்பமாகப் போய், யாருக்கு நோய், யாருக்கு இல்லை, எங்கே மேய்கிறீர்கள், எங்கே குடிக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். ஒரு முழு நாள்! எல்லோருக்கும் எரிச்சல்.

காட்டுப்பன்றியின் பதின்மூன்று குட்டிகளில் ஒன்றுக்கும் நோயில்லை. யானைக் கன்றுகளுக்கும் இல்லை. இரண்டு கூட்டமும் குளத்துப் பக்கமே வருவதில்லை. வறண்ட ஓடையில் யானைகள் தங்களுக்கென்று தோண்டிய மணல் ஊற்றில்தான் குடித்தன.

தூங்கன் கூட்டத்தைக் கூட்டினான். கல் பொய்யில்லை, அதைப் பார்த்த சிலிர்ப்பு தனக்கு இன்னும் அடங்கவில்லை என்று முதலில் சொன்னான். குட்டிகளைப் படுக்க வைப்பது கலங்கிய குளத்துத் தண்ணீர்தான் என்று பிறகு சொன்னான். ஆனால் ஒரே கோடையில் யானைகளால் ஒரு வேலைதான் முடியும். ஒன்று கல்லை உருட்டலாம். இல்லையென்றால் எல்லோருக்கும் போதுமான அளவு ஓடை நெடுக ஊற்றுத் தோண்டலாம்.

செவலைக்குப் பொறுக்கவில்லை. "கண்ணால பார்த்துட்டு வந்தவன் நீ. அதை வேணாம்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வருது?"

"வேணாம்னு சொல்லலை அக்கா. கல் வந்து சேர மழைக்காலம் ஆயிடும். வந்தாலும் நாளைக்கு ஒருத்தர்தான் படுக்கலாம். நாற்பது பேர்ல உன் குட்டி எத்தனாவது?"

செவலை படுத்துக் கிடந்த தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கல்லை யார் விட்டாலும் அவள் விடமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் காராத்தாவிடம் போய், "தோண்டு ஆத்தா" என்றாள்.

யானைகள் ஓடையில் இறங்கின. தும்பிக்கையால் மணலை வாரின, காலால் தள்ளின. ஆள் உயரம் தோண்டியும் காய்ந்த மணல்தான். பிறகு மணல் கறுத்தது. ஈரம் கசிந்தது. ஓசையே இல்லாமல், அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் ஏறி வந்தது. இத்தனை கோடையாக இது தங்கள் காலடியிலேயே கிடந்ததா என்று புலிகூட எட்டிப் பார்த்து மலைத்துப் போயிற்று. ஒன்றன் பின் ஒன்றாக, கோடை முடிவதற்குள் பதினோரு ஊற்றுகள் ஆகிவிட்டன.

செவலை முதல் ஊற்றில் வாய் நனைத்து வந்து, குட்டியை நக்கி நக்கி எழுப்பி, அதன் வாயில் தண்ணீர் காட்டினாள். நான்காம் நாள் அது தட்டுத்தடுமாறி எழுந்து நின்றது. அந்தக் கோடையில் இரண்டு குட்டிகள் போய்விட்டன, பிழைக்க வைக்க முடியவில்லை. மீதி முப்பத்தெட்டும் மழையில் துள்ளி விளையாடின.

மருந்து எவ்வளவு அதிசயமானதாக இருந்தாலும், அதனால் எத்தனை உயிர் பிழைக்கும், அதற்காக எதைக் கைவிடுகிறோம் என்று விசாரித்த பிறகே அதன் பின்னால் போக வேண்டும்.