இடது கன்னத்து மடிப்பு

முதலில் குற்றம் செய்தவன் கோலப்பன். ஆவுடையப்பனுக்கு இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மலையடிவாரத்து மடத்தில் ஒரு மூலிகைத் தோட்டம் இருந்தது. கீரை பறிக்கப் போன கோலப்பன் வேலிப் படலைச் சாத்தாமல் வந்துவிட்டான். ஆடுகள் புகுந்தன. அன்றைய மடத்தலைவர் பெரியசாமி மூன்று வருஷமாக வளர்த்த நாற்றுகளை ஒரு முற்பகலில் மொட்டையடித்துவிட்டுப் போயின. அன்று தண்ணீர் ஊற்றும் முறை ஆவுடையப்பனுடையது.

பந்தியில் பெரியசாமி கேட்டார்: "படலைத் திறந்து போட்டது யாரு?"

அவனே சொல்வான் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். கோலப்பன் குனிந்து தன் இலையில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உப்பு அவன் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தண்டனை அன்றைய முறைக்காரருக்கு விழுந்தது: ஒரு மண்டலம். தினம் பன்னிரண்டு குடம். ஆற்றிலிருந்து தோட்டம் வரைக்கும் மேடு. ஆவுடையப்பன் சுமந்தார். பெரியசாமி பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் காலமும் ஆகிவிட்டார். ஆனால் "படலைத் திறந்து போட்டது நான்தான்" என்ற ஒரு வார்த்தை கோலப்பன் வாயிலிருந்து இன்று வரை வரவில்லை.

அந்த மடத்தில் கூடத்தில் படுப்பதற்கு ஒரு முறை உண்டு. யார் முதலில் மடத்துக்கு வந்தாரோ அவர் பாய் முதலில். அடுத்தவர் அடுத்து. ஒருமுறை விரித்த இடம் சாகும்வரை அவருக்கு. ஆவுடையப்பனும் கோலப்பனும் ஒரே நாளில் வந்தவர்கள். வாசற்படியில் ஆவுடையப்பன் கால் முந்தியதால் அவர் பாய் முந்தி. கடைசிப் பாய், சுவரோரம், கோலப்பனுக்கு. அவர்களுக்குப் பின் கூடத்தில் படுக்க யாரும் வந்து சேரவில்லை.

எனவே மண்டலம் முடிந்த பின்னும் ஆவுடையப்பன் அவன் பக்கத்தில்தான் படுத்தாக வேண்டும். இடத்தை மாற்ற முடியாது. முதுகைக் காட்டலாமே? காட்டினார். அன்றிலிருந்து இடப்பக்கமாகத்தான் படுக்கை. தூக்கத்தில்கூட வலப்பக்கம் புரண்டதில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை.

மடத்தில் கண்ணாடி கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒருவருக்கு ஒருவர் சவரம் செய்துகொள்வார்கள். ஆவுடையப்பனுக்குப் பூதலிங்கம். கூடத்தில் அவருக்கு இடப்புறப் பாய்க்காரர்.

அந்தப் பௌர்ணமி காலையில் கிணற்றடியில் பூதலிங்கம் வலது கன்னத்தை வழுவழுவென்று முடித்துவிட்டு இடது பக்கம் வந்தார். கத்தி நின்றது.

"என்ன ஓய், இந்தப் பக்கம் உழுதுபோட்ட வயலாட்டம் இருக்கு?"

"எந்தப் பக்கம்?"

"இடது. கண்ணோரத்திலிருந்து கடைவாய் வரைக்கும் மடிப்பு மடிப்பா நிக்கு. போன மாசமே லேசாத் தட்டுச்சு, இப்பக் கத்தி உள்ள விழுந்து எந்திரிக்குது. கன்னமும் தொங்குதாப்ல இருக்கு. வலது பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருக்கீரு, இடது பக்கம் மாப்பிள்ளைக்குத் தாத்தா மாதிரி இருக்கீரு."

பூதலிங்கம் சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். வலது, இடது. மறுபடி வலது, இடது.

அவருடைய அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. இடது முகம் தொங்கியது. பிறகு கஞ்சி இடது கடைவாயில் வழிந்தது. பிறகு கை. மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. அப்போது அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஆவுடையப்பனுக்கு இந்த ஆனியோடு ஐம்பத்தேழு முடிகிறது.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் எழுந்து நடந்தார்.

"ஓய், மீதியை யாரு செரைக்கிறது?" என்று பூதலிங்கம் பின்னால் கத்தினார்.

இப்போது மடத்துக்குத் தலைவர் இளையசாமி. வேறு மடத்திலிருந்து வந்தவர். வயது நாற்பதைத் தொடவில்லை. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர் காலில் விழுவதற்கு ஆவுடையப்பனுக்கு முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அன்று விழுந்த வேகத்தில் நுரை தரையில் ஒட்டியது.

"சாமி, எனக்கு வாதம் வந்துட்டுது. அப்பாவுக்கு வந்த அதே வாதம்."

இளையசாமி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

"வாய் நிறைய வச்சுக்கோங்க. முழுங்காதீங்க."

ஆவுடையப்பன் கன்னம் உப்ப வைத்துக்கொண்டார். இளையசாமி மறுபடி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். ஒரு கல். இரண்டு கல். ஏழு கல் வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தார். ஆவுடையப்பனின் இடது கடைவாயைப் பார்த்தார்.

"துப்பிடுங்க."

துப்பினார்.

"வழிஞ்சுதா?"

ஆவுடையப்பன் கடைவாயைத் துடைத்துப் பார்த்தார். நுரைதான் வந்தது. "இல்லை, சாமி."

"ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடுங்க. ரெண்டு புருவத்தையும் தூக்குங்க."

மூடினார். தூக்கினார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் போகுது. வாதம் இல்லை."

ஆவுடையப்பன் அங்கேயே சரிந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி நின்ற பாறாங்கல்லை யாரோ கீழே இறக்கியது போலிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அவர் அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிறவர் இல்லை.

"அப்ப இந்த மடிப்பு?"

"காலையில எந்திரிக்கும்போது கன்னத்துல பாய்த்தடம் இருக்கா?"

"இருக்கு."

"எப்ப மறையுது?"

"மடத்துக்கு வந்த புதுசுல பல்லு தேய்க்கிறதுக்குள்ள மறைஞ்சிடும், சாமி. இப்ப மத்தியானச் சோறு வரைக்கும் நிக்குது."

"எந்தக் கன்னத்துல?"

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடினார். பிறகு வேறு ஒன்றைச் சொன்னார்: "கோலப்பன் கண்ணு பட்டிருக்கும், சாமி. அவன் என் முதுகுக்குப் பின்னாலதான் படுக்கிறான்."

இளையசாமி முறத்திலிருந்து இன்னொரு கல்லைப் பொறுக்கி எடுத்தார்.

"மீதிச் சவரத்தைக் கோலப்பன் செய்யட்டும்."

"சாமி!"

"அதுக்கப்புறம் அவருக்கு நீங்க செய்யுங்க."

மறுத்துப் பேச வழியில்லை. ஆவுடையப்பன் கிணற்றடிக்குத் திரும்பினார். அவருக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. கோலப்பன் கத்தியோடு கல்லில் உட்கார்ந்திருந்தான். பூதலிங்கம் நல்ல இடமாகப் பார்த்துத் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு வருஷத்தில் இருவரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்தது அன்றுதான். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தலையைத் திருப்பும்," என்றான் கோலப்பன்.

"எந்தப் பக்கம்?"

"எம்பக்கம்தான். உமக்குத் திருப்பிப் பழக்கமில்லை, மெல்லத் திருப்பும். கழுத்து சுளுக்கிக்கிடப் போகுது."

பூதலிங்கம் துவைப்பதை நிறுத்தினார்.

கத்தி தொண்டைக்குழி வரை வந்து போயிற்று. ஆவுடையப்பன் மூச்சு விடவில்லை. கோலப்பன் கட்டைவிரலால் அவருடைய இடது கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன ஓய்? அறுத்துப்புட்டீரா?"

"இல்லை." கோலப்பன் குரல் இறங்கியிருந்தது. "உமக்கும் இருக்கா இது?"

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார்.

கோலப்பனின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இடது கன்னம் வயதுக்கேற்ற கன்னம். வலது கன்னத்தில், கண்ணோரத்திலிருந்து கடைவாய் வரை, மடிப்பு மடிப்பாக நின்றது. கீழிமை சுருங்கிச் சற்றே தொங்கியிருந்தது.

"உமக்கு எத்தனை நாளா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். தான் அவனை நலம் விசாரித்துவிட்டோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ரெண்டு வருஷமாக் கைக்குத் தட்டுப்படுது. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. ஏதோ விஷக்காத்து பட்டுட்டுதுன்னு நெனச்சு ராத்திரி ராத்திரி வேப்பெண்ணெய் தேய்க்கேன்."

"அந்த நாத்தம் அதுவா! என்னை விரட்டத்தான் தேய்க்கீருன்னுல்லா நெனச்சேன்."

"உம்மை விரட்ட எண்ணெய் எதுக்கு வேய்? நீருதான் எப்பவும் முதுகைக் காட்டிக்கிட்டுக் கெடக்கீரே. நானும் எத்தனை நாள் உம்ம முதுகையே பாக்கது? சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்."

பூதலிங்கத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கக்கூடாதுன்னு திரும்பிக்கிட்டீங்க, சரி. அந்தப் பதினோரு வருஷமும் இவர் விட்ட மூச்சு யாரு மூஞ்சியில விழுந்துது? அதைக் கேக்க ஆளு உண்டா?"

கோலப்பன் சிரித்தான். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், நுரையெல்லாம் தெறித்தது.

"ஆடாதேயும், அறுத்துடுவேன்," என்றான் கோலப்பன்.

சவரம் முடிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஆவுடையப்பன் கத்தியை வாங்கினார். கோலப்பனின் வலது கன்னத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தார். இழுத்தால் மடிப்பு மறைந்தது. விட்டால் திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார்.

"சவரம் செய்யீரா, மாவு பிசையீரா?" என்றான் கோலப்பன்.

ஆவுடையப்பன் மழித்தார். மழிக்கும்போது கொஞ்சம் காத்திருந்தார். இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். பூதலிங்கமும் சாட்சிக்கு இருக்கிறார். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தார். கோலப்பன் வெயிலைப் பற்றிப் பேசினான். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றிப் பேசினான். கடைசியில் முகத்தைக் கழுவி, துண்டால் துடைத்து, "கைப்பக்குவம் பரவாயில்லை ஓய்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஆவுடையப்பன் மறுபடி இளையசாமியிடம் போனார். அரிசி பார்த்து முடிந்திருந்தது. சாமி பொறுக்கின கற்களை வாசலில் எறிந்துகொண்டிருந்தார்.

"வாதம் இல்லை சாமி. கண்ணேறும் இல்லை. பாயிலே அழுத்தினது."

"ம்."

"அவனுக்கும் அப்படியேதான். வலது பக்கம்."

"ம்."

"பயந்தே போனேன், சாமி. எங்கப்பா சாவு மாதிரிதான் எனக்கும்னு நெனச்சேன். இப்பத்தான் பசிக்கே செய்யுது."

இளையசாமி சிரித்தார். "போய்ச் சாப்பிடுங்க."

ஆவுடையப்பன் போகவில்லை. வாசலில் நின்றார். மழித்த இடது கன்னத்தில் காற்று பட்டது.

"நான் இனி அவன் பக்கம் திரும்பிப் படுக்கணுமா, சாமி?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலை." அவர் குரல் தடித்தது. "ஆனா சாமி, படலைத் திறந்து போட்டது அவன்தான். நான் ஒரு மண்டலம் தண்ணி சுமந்தேன். இன்னைக்கு என் தொண்டையில கத்தி வச்சுக்கிட்டுக்கூட அவன் அதைச் சொல்லலை. அந்த ஒரு வார்த்தை அவன் எனக்குப் பாக்கி."

"பாக்கிதான்," என்றார் இளையசாமி. "அவர் சொல்லுற வரைக்கும் மல்லாந்து படுங்க."