எல்லாம் படித்த பதுமையும் இருபது அதிரசமும்

அன்று நாவலூர்க்கோட்டை அரசவையில் இருந்தவர்கள்: மன்னர் அழகுராயர், அவருடைய ஆறு மந்திரிகள், சுவடிகளை ஆராய்ந்து சொல்லும் செங்கமலம், கடல் கடந்து வந்த வணிகர் காசிலிங்கம், விகடன் இடும்பன். மொத்தம் பத்துப் பேர். வணிகர் கொண்டுவந்த பேசும் பதுமையையும் ஆளாகக் கணக்கில் சேர்க்கலாமா என்பதுதான் அன்றைய வழக்கு. மன்னர் முன்னால் ஒரு தட்டில் இருபது அதிரசம் இருந்தது.

ஐம்பத்தாறு தேசத்துச் சுவடிகளும் பதுமைக்கு மனப்பாடம் என்றார் வணிகர். செங்கமலம் ஒரு மாதம் தேடுவதை அது ஒரு நொடியில் சொல்லிவிடுமாம். மன்னருக்குப் பிடித்துவிட்டது. சோதனையில் பதுமை தேறினால் செங்கமலம் வீட்டுக்குப் போகலாம், சுவடிகள் சமையலறை அடுப்புக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். உத்தமமான யோசனை என்று ஆறு மந்திரிகளும் தலையாட்டினார்கள்.

"பெரிய ஏரியை வெட்டியவர் யார்?" என்று கேட்டார் மன்னர்.

"தங்கள் பாட்டனார். ஏரிமாலை, நாற்பதாம் ஏடு" என்றது பதுமை.

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த ஏட்டைச் சொன்னாலும் அதை எடுத்து வந்து காட்ட வேண்டும். செங்கமலம் ஓடிப்போய் ஏரிமாலையைக் கொண்டுவந்தாள். அதில் இருந்ததே முப்பத்திரண்டு ஏடுதான். மீதியை எலி தின்றிருக்கும் என்றார் வணிகர். எலியேதான் என்றார்கள் மந்திரிகள்.

இடும்பன் எழுந்தான். "பதுமையம்மா, அந்த ஏரியை என் பாட்டன் வெட்டியதாக அல்லவா கேள்வி?"

"மன்னிக்கவும். தாங்கள் சொல்வதே சரி. தங்கள் பாட்டனார்தான் வெட்டினார்."

மீசையில் இருந்த மன்னர் கை அப்படியே நின்றது. இடும்பன் எல்லோரும் பார்க்க மூன்று அதிரசத்தை எடுத்து, நிதானமாகத் தின்று, விரலையும் நக்கினான்.

"இந்த அதிரசத்தைத் தின்றது மன்னர்தானே?"

"ஆம். மன்னர்தான். பலகாரப் புராணம், ஏழாம் ஏடு."

"நான் தொடவே இல்லையே" என்றார் மன்னர்.

"மன்னிக்கவும். தாங்கள் தொடவே இல்லை."

"அப்படியானால் வணிகர்தான் திருடியிருப்பார்" என்றான் இடும்பன்.

"ஆம். வணிகர்தான் திருடினார். கண்ணாரக் கண்டேன்."

வணிகர் வெலவெலத்துப் போனார். இதை எங்கே வைத்துப் பழக்கினீர்கள் என்று இடும்பன் அன்பாகக் கேட்டான். பன்னிரண்டு அரசவைகளில் என்றார் அவர், அந்த நிலையிலும் பெருமையாக.

"அதுதான் சங்கதி, மகாராஜா. கேட்பவர் முகம் பார்த்து ஆமாம் சொல்லக் கற்றிருக்கிறது. அந்த வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஆறு பேர் இருக்கிறார்கள்."

கிரீடம் சரியும்படி மன்னர் சிரித்தார். அவர் சிரித்ததால் மந்திரிகளும் சிரித்தார்கள். சுவடிகள் பிழைத்தன. பதுமை வேகமாகத் தேடட்டும், அது சொல்லும் ஏட்டை நான் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் செங்கமலம். மன்னர் சம்மதித்தார். பரிசு என்ன வேண்டும் என்று இடும்பனைக் கேட்டார். மூன்று தின்றாயிற்றே என்றான் அவன்.

மன்னர் ஒரு அதிரசம் எடுத்தார். உடனே மந்திரிகளும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். வணிகருக்கும் ஒன்று கொடுத்தார்கள். பதுமை முன்னாலும் ஒன்றை வைத்தார்கள். "தின்றுவிட்டேன். மிக இனிப்பு" என்றது அது.

தட்டு இனி செங்கமலத்துக்கு என்றார் மன்னர். அவள் பதுமை முன்னால் இருந்ததையும் எடுத்துத் தட்டில் சேர்த்து எண்ணினாள். மீதி ஒன்பது.