புழுவின் மண்

"அம்மா, நான் இங்கேயே இருந்துடறேன். மகள் வீட்டுக்குப் போகலை" என்றார் ஆவுடையப்பன்.

செங்கமலத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இளையவள். ஆனாலும் மலையடிவாரத்து அந்தச் சிறு மடத்தில் அவள்தான் குரு. கல்லூரியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற அவர் சீடர்.

"பேத்தி பிறந்திருக்கிறதாச் சொன்னீங்களே?"

"அதனாலதான் பயம். எங்க தாத்தா கோபத்துல அரிவாளைத் தூக்கினவர். அப்பா சோத்துத் தட்டை வீசினவர். நான் கத்திக் கத்தியே மகளை வீட்டை விட்டு விரட்டினவன். பாதி மரபணுவுல வந்தது, மீதி வளர்ந்த வீடு கொடுத்தது. நடுவுல நான்னு ஒருத்தன் எங்கேம்மா இருக்கேன்? மரபணுவைச் சுமக்கிற சாக்குப்பை. அவ்வளவுதான்."

"சாக்குப்பைக்கு இவ்வளவு பேச்சா!"

சிரித்துவிட்டு, அவள் மடத்துக்குப் பின்னால் கிடந்த நிலத்தைக் காட்டினாள். கடப்பாரையையே திருப்பி அடிக்கும் கட்டாந்தரை.

"அதுல கத்தரி வைக்கணும். ஈரச் சருகும் மண்புழுவும் போட்டுட்டு வாங்க. நீங்க கொத்தக் கூடாது."

மகளைப் பற்றிக் கேட்டால் கத்தரிக்காயா? அவருக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் போட்டார். மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முணுமுணுத்தார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், சும்மா விரலால் குத்திப் பார்த்தார்.

விரல் உள்ளே போனது. இன்னும் அழுத்தினார். மணிக்கட்டுவரை போனது.

அப்படியே மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தார். அம்மை வந்து பக்கத்தில் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன தெரியுது?"

"வேடிக்கைதாம்மா. இந்தப் புழுவோட உடம்பு தண்ணிக்குள்ள வாழ்ற பிராணியோட உடம்பு மாதிரி. தரைக்குத் தோதே இல்லை. முன்னோர் கொடுத்தது அது. வந்து விழுந்ததோ கட்டாந்தரை. பாடப்படி பார்த்தா இது செத்திருக்கணும்."

"சாகலையே."

"எப்படிச் சாகும்? சருகை உள்ளே இழுக்குது. மண்ணைத் தின்னுது, எச்சமாக் கழிக்குது, துளை போடுது, ஈரத்தைத் தேக்கி வைக்குது. இனிப் பிறக்கிற குட்டிப் புழுக்கள் கட்டாந்தரையில பிறக்காது. இது..."

அவர் நிறுத்தினார்.



உள்ளங்கையில் புழு நெளிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். புழுவை மெல்ல மண்ணில் விட்டுவிட்டு எழுந்தார்.

"மத்தியானம் பஸ் இருக்காம்மா?"

"இருக்கு. கோபம்?"

"அதுவும் கூட வரும்."

"அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமே!"

"எடுத்துட்டாப் போச்சு" என்றார் ஆவுடையப்பன். "ஆனா ஜன்னலோரம் நான்தான்."