எதிர்க்கடைக் கல்லு

பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு வாசல் இருந்த காலம் அது. வாசலுக்கு இந்தப் பக்கம் சுந்தரபாண்டியோட டிபன் கடை. அந்தக் கடை அடுப்பு மேல ஒரு தோசைக்கல்லு இருந்துச்சு.

ஓரமெல்லாம் கரி ஏறிக் கெடந்தாலும் நடுவுல கண்ணாடி கெட்டுது போங்க, அப்படி ஒரு வழுவழுப்பு. மாஸ்டர் ஒச்சப்பன் மாவ ஊத்தி ஒரு இழுப்பு இழுத்தா, ரோஸ்ட்டு தானா ஓரம் கெளம்பி நிக்கும். தோசைத் திருப்பிக்கு வேலையே இல்ல. மொத பஸ் எடுக்குற டிரைவருங்க வண்டிய உறும விட்டுட்டு வந்து, நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போவாங்க.

வாசலுக்கு அந்தப் பக்கம் புரோட்டாக் கடை. அங்கயும் ஒரு கல்லு, இதைவிடப் பெருசு. வெலை கம்மி, சால்னா கேட்டவரைக்கும் ஊத்துவாங்க. சாயங்காலமானா அதைச் சுத்தி திருவிழாக் கூட்டம்.

அதுதான் நம்ம தோசைக்கல்லுக்கு ஆகல. காலையில நிம்மதியா இருக்கும். பொழுது சாஞ்சா எதிர்க்கடை வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். அடுப்ப அணைச்சப்புறமும் அதுக்கு மட்டும் சூடு எறங்காது.

"என்ன தம்பி, எண்ணெய் ஊத்தாமலே பொரியிற?"ன்னு மாவுக் குண்டான் கேட்டுச்சு.

"அங்க பாருக்கா. அவனும் இரும்பு, நானும் இரும்பு. அவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கூட்டம்?"

"அவனத் தேடி வர்றவன் வயிறு நெறையணும்னு வர்றான். நம்மளத் தேடி வர்றவன் ரோஸ்ட்டு பிய்யாம வருதேன்னு வர்றான். என்னை ஆட்டாத, எனக்குப் பொங்குற வேலை இருக்கு"ன்னு குண்டான் மூடிய இழுத்துப் போத்திக்கிச்சு.

மேல தொங்குன போர்டு இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. புது தகரம். நடுவுல 'தோசை'ன்னு ஒத்த வார்த்தை, மிச்சமெல்லாம் வெறும் மஞ்சள் பெயிண்டு. அதுக்கும் அரிப்புத்தான்.

"தம்பி, எம்மேல எம்புட்டு எடம் காலியாக் கெடக்கு பாரு. என்னென்ன விக்கிறதுங்கிறது என் டிபார்ட்மெண்டு. எப்படி விக்கிறதுங்கிறது உன் பாடு. சரின்னு மட்டும் சொல்லு"ன்னுச்சு.

கல்லு சரின்னுருச்சு.

கல்லோட சூடு மொதலாளிக்கு ஏறுச்சோ, மொதலாளியோட எரிச்சல் கல்லுக்கு எறங்குச்சோ தெரியல. சுந்தரபாண்டியும் அதே எதிர்வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தார். மறுநாளே பெயிண்டர் ஏணியோட வந்துட்டான். சப்பாத்தி, ஆம்லெட், வீச்சுப் புரோட்டான்னு எழுத எழுத போர்டு நெளிஞ்சு சிரிச்சுச்சு.

மாஸ்டருக்கு மட்டும் மொகம் செத்துப்போச்சு. "மொதலாளி, சப்பாத்தி போட்ட கல்லுல தோசை எடுக்க வராது. எந்த வீட்டு அடுப்படியில கேட்டாலும் சொல்லுவாங்க. அதுக்குன்னு வேற கல்லு வாங்குங்க"ன்னார்.

"எதுக்கு மாஸ்டர்? ஒரே கல்லு, ஒரே கேஸு, ஒரே மாஸ்டர். செலவு ஒண்ணு, வரவு நாலு."

கல்லுக்கு அந்தக் கணக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

மொத நாள் சாயங்காலம் என்னா வரவேற்பு. சப்பாத்தி உப்பி உப்பி எழுந்துச்சு. முட்டை சுர்ருன்னுச்சு. புதுசுன்னு ஒரு கூட்டம் எட்டிப் பாத்துச்சு. கல்லு எதிர்வாசலப் பாத்துச்சு. புரோட்டாக் கல்லும் இங்கயே பாக்குற மாதிரி அதுக்குப் பட்டுச்சு. நல்லா வயிறு எரியட்டும்னு நெனச்சுக்கிச்சு.

காலையில மாஸ்டர் மாவ ஊத்துனார். ரோஸ்ட்டு கெளம்பல. தண்ணி தெளிச்சு, அரை வெங்காயத்தால தேச்சு, மறுபடி ஊத்துனார். அப்பவும் ஒட்டிக்கிட்டே கெடந்துச்சு. இத்தனை வருசமா சும்மா இருந்த திருப்பி, அன்னைக்குக் கல்ல சொரண்டு சொரண்டுனு சொரண்டுச்சு. வந்தது துண்டு துண்டாத்தான் வந்துச்சு.

டிரைவர் வீரணன் தட்டப் பாத்தார், மாஸ்டரப் பாத்தார். "தோசை கேட்டா காக்காய்க்கு வைக்கிறத வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு என்ன, கொத்து தோசையா?"

கல்லு வெக்கத்துல கருகிப்போச்சு. போர்டு மட்டும் துள்ளிக் குதிச்சுச்சு. "நல்லாருக்கே, கொத்து தோசை! கீழ ஒரு வரிக்கு எடமிருக்கு"ன்னுச்சு. நம்ப மாட்டீங்க, சாயங்காலத்துக்குள்ள அதையும் எழுதிட்டாங்க.

டிரைவருங்க சிரிச்சுக்கிட்டே கொஞ்ச நாள் தின்னாங்க. அப்புறம் சிரிக்கவும் வரல, திங்கவும் வரல. அடுத்த ஸ்டாப்புல ஒரு அம்மா வெறும் இட்லி மட்டும் அவிக்குதாம், அங்க வண்டிய நிறுத்த ஆரம்பிச்சாங்க.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மத்ததெல்லாம் நிறுத்திட்டு, எண்ணெயக் குடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா கெட. பழையபடி வழுக்கும்"னு குண்டான் கல்லுகிட்ட சொல்லுச்சு. மாஸ்டரும் மொதலாளிகிட்ட அதையேதான் சொன்னார்.

மொதலாளி நிமிந்து போர்டப் பாத்தார். விளிம்பு வரைக்கும் எழுத்து. எதைன்னு அழிக்கிறது? "எழுதுனத அழிச்சா ஊரு சிரிக்கும்"னு போர்டு முணுமுணுத்துச்சு.

கல்லு நெனச்சிருந்தா அடம்புடிச்சிருக்கலாம். ஆனா ரெண்டு நாள் சும்மா கெடந்தா, அந்த ரெண்டு நாளும் எதிர்வாசல்ல கூட்டம் நிக்குமே. அது நெனப்புல நின்னுச்சு. அன்னைக்கு நெருப்பு மூட்டுனதும், யாரும் கேக்காமலே சப்பாத்திக்கு ஏத்த சூட்ட அதுவே முந்திக்கிட்டு ஏத்திக்கிச்சு.

அதுக்கப்புறம் என்ன? தோசைக்கு வந்தவன் முட்டை வாசம் அடிக்குதுன்னான். சப்பாத்திக்கு வந்தவன் எதிர்க்கடை வெலையச் சொன்னான். மாஸ்டர் சொரண்டிக்கிட்டே இருந்தார். ஒருநாள் சுந்தரபாண்டி மினுமினுன்னு ஒரு நான்ஸ்டிக் கல்லு வாங்கிட்டு வந்து அடுப்புல வச்சார். பழசு கீழ எறங்கி, எதிர்வாசல் தெரியாத ஒரு மூலையில சில மாசம் கெடந்துச்சு. அப்புறம் பழைய இரும்பு வண்டிக்காரன் வந்து நின்னான்.

குண்டான் மூடிய இழுத்துப் போத்திக்கிச்சு. போர்டுதான் வழியனுப்புச்சு. "போயிட்டு வா தம்பி. இரும்பு யாவாரமும் நல்ல லைன்தான்."

இரும்புக் கடையில, உடைஞ்ச சைக்கிளுக்கும் ஓட்டைக் குடத்துக்கும் நடுவுல, தோசைக்கல்லத் தொம்முன்னு ஒண்ணு மேல கொண்டுபோய்ப் போட்டாங்க. கீழ கெடந்தது பெருசா இருந்துச்சு. பழைய எண்ணெய் வாசம்.

"யாரு, எதிர்க்கடையா?"ன்னு கீழருந்து குரல் வந்துச்சு.

புரோட்டாக் கல்லு!

தோசைக்கல்லு குனிஞ்சு பாத்துச்சு. அதே கல்லுதான்னு தெரிஞ்சதும் கேட்டுச்சு. "உனக்கென்னப்பா கேடு? நீ எப்படி இங்க?"

"தோசை போட்டேன்."

"உன்னை யாரு போடச் சொன்னா?"

புரோட்டாக் கல்லு தன் கதையச் சொல்லுச்சு. காலை நேரமெல்லாம் அது சும்மாதான் கெடக்குமாம். எதிர்ல டிரைவருங்க வண்டிய அணைக்காம ஒரு தோசைக்குக் காத்து நிக்கிறதப் பாத்துப் பாத்து, அதுக்கு இருப்பே கொள்ளலையாம். கடைசியில அவங்க போர்டும் 'காலை தோசை'ன்னு எழுதிக்கிச்சாம். காலையில ஆரம்பிச்சது சாயங்காலமும் தொடர்ந்திருக்கு. தோசைக்குத் தோசை தண்ணி தெளிக்க, கல்லு சூடு எறங்கிப்போச்சு. புரோட்டா செருப்பாட்டம் வந்துருச்சு. கூட்டம் கலைஞ்சுருச்சு.

"உன்னச் சுத்தித்தான் தினமும் திருவிழாக் கூட்டம் நின்னுச்சே. அதை நீ பாக்கவே இல்லையா?"

"அதுதான் தினமும் வருதே"ன்னுச்சு புரோட்டாக் கல்லு. "உன் டிரைவருங்கள நீ பாத்தியா?"

தோசைக்கல்லு பதில் சொல்றதுக்குள்ள கடைக்காரன் ரெண்டையும் ஒண்ணாத் தூக்கித் தராசுல வச்சான். கல்லுக்குப் பொறுக்கல.

"அண்ணே, நான் தோசைக்கல்லு. இவன் புரோட்டாக் கல்லு. தயவு பண்ணித் தனித்தனியா நிறுங்க"ன்னுச்சு.

தராசு முள்ளு நிமிந்துகூடப் பாக்காமச் சொல்லுச்சு.

"தனித்தனியா நிறுத்தாலும் ரேட்டு ஒண்ணுதான் தம்பி."