சர்வருக்கு வைத்த பொட்டு

கரூரில் போர்வை ஏற்றுமதி செய்துவந்த அவினாசியப்பன், கம்பெனி சர்வர்களுக்கு ஒரு மென்பொருள் தேடினார். அதைப் போட்டுவிட்டால் ஒரே சர்வர் தன்னைப் பத்து சர்வர்களாகக் கனவு காணும். அந்தக் கனவுகள் பத்தும் வேலை பார்க்கும்.

"சர்வரை அணைத்தாலும் கனவு பக்கத்து சர்வருக்குப் போய்விடும் சார்" என்று அடித்துச் சொன்னார், கோட்டு போட்ட விற்பனையாளர் சந்திரமோகன். சர்வர் அறையைக் கவனித்துக்கொள்ளும் பூங்கோதை ஓர் இலவச மென்பொருளைக் காட்டியதும், "ஓசியில் கிடைப்பதை நம்பித் தொழில் செய்ய முடியுமா?" என்று சந்திரமோகன் சிரித்தார்.

இரண்டையும் தனித்தனி ஜோடி சர்வர்களில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆயுதபூஜை வந்தது.

"மெஷினை அணைச்சுத்தான் பொட்டு வைக்கோணும். ஆர்டர் வர்றதும் நிக்கக் கூடாது" என்றார் அவினாசியப்பன்.

பூங்கோதை சந்திரமோகனிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "பெரிய மென்பொருளுக்குத்தானுங்க முதல் பொட்டு. நீங்களே அணைங்க சார்."

"முதலில் உங்களுடையது ஆகட்டும்" என்று அவர் ஒதுங்கினார்.

தூங்கும் குழந்தையை மடி மாற்றுவதுபோல, பூங்கோதை வேலையைப் பக்கத்து சர்வருக்கு நகர்த்தினாள். பிறகு தன் சர்வரை அணைத்துப் பொட்டு வைத்தாள். சாம்பிராணிப் புகைக்குள் அதன் நீல விளக்குகள் மெல்லக் கண்மூடின. திரையில் ஆர்டர்கள் மட்டும் மிதந்து வந்துகொண்டே இருந்தன.

அவள் மறுபடி கிண்ணத்தை நீட்டினாள். சந்திரமோகனின் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"அந்த வசதி மேல்தரத் திட்டத்தில்தான் வரும் சார். இது ஆரம்பத் திட்டம்."

அவினாசியப்பன் படையலிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பொரியை வாங்கிட்டுப் போங்க தம்பி. இதுவும் ஓசிதான்."