மூன்றை மட்டும் அனுப்ப ஒரு வழி

"சாமி, மூணை மட்டும் அனுப்ப ஒரு வழி சொல்லுங்க" என்றார் மாசிலாமணி.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோவையிலிருந்து இந்த மலையடிவார ஆசிரமத்துக்குக் காரை விரட்டி வந்தவர், செருப்பைக் கழற்றவும் மறந்திருந்தார்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எந்த மூணு?"

மாசிலாமணி சொன்னார். மகள் கார்குழலி ஏ.பி. தேர்வு எழுதியிருந்தாள். கல்லூரிப் பாடத்தைப் பள்ளியில் இருக்கும்போதே எழுதிக் காட்டும் தேர்வு. ஐந்துக்குத்தான் மதிப்பெண். கணக்கில் ஐந்து, இயற்பியலில் ஐந்து, பொருளியலில் நான்கு.

வேதியியலில் ஒன்று.

மாசிலாமணி இருபத்திரண்டு வருடமாக வேதியியல் பேராசிரியர். வேறு எந்தப் பாடத்தில் அந்த ஒன்று வந்திருந்தாலும் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்.

"அனுப்பினா நாலும் சேந்துதான் போகுமுங்க. ஒண்ணை மறைக்கோணும்னா முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கோணும். அந்தத் தேதி போயிருச்சு."

"அனுப்பாம விட்டா?"

"இன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணியோட வெளிநாட்டுக் காலேஜ் சீட்டு போயிருமுங்க."

"அனுப்பினா?"

"அந்த ஒண்ணைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்கன்னா? பயமா இருக்குங்க சாமி. நாலு நாளாச் சோறு இறங்கலை."

"பொண்ணு என்ன சொல்றா?"

"அனுப்பிட்டேன்னு அவகிட்டப் பொய் சொல்லிப்போட்டேனுங்க."

"மார்க்கைப் பாத்தப்ப அவகிட்ட என்ன சொன்னே?"

மாசிலாமணி தடுமாறினார். கேள்வி கேட்டே பழகியவர்.

"ஒண்ணும் சொல்லலைங்க."

"திட்டலையா?"

"இல்லைங்க. எந்திரிச்சுப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதைப் பத்திப் பேசலைங்க."

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். "போனைக் குடு."

மகளின் பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கீரைத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"அப்பா?"

"குழலி... அந்த மார்க்கு வந்தும்மா..."

"நீங்க அனுப்பலைன்னு தெரியும்ப்பா. நேத்தே லாகின் பண்ணிப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? நீயே அனுப்பியிருக்கலாம்ல?"

"நீங்க பாத்துட்டு எந்திரிச்சுப் போனீங்கல்ல. ஒருத்தர் பாத்ததே போதும்னு விட்டுட்டேன்."

மாசிலாமணி சாமியைப் பார்த்தார். சாமி கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் காற்று இரைந்தது.

"எங்க இருக்கே குழலி?"

"மொட்டை மாடியில. சும்மாதான்."

கல்லூரியை நினைத்து நாலு நாளாகப் பயந்த மனுஷனுக்கு, உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. போனை இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கீழ இறங்கி வா கண்ணு. நாலையும் நீயே அனுப்பு. என்ன வேணா சொல்லட்டும். நான் பேசிட்டே இருக்கேன்."

வெகுநேரம் கழித்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"என்னப்பா பேசுவீங்க?"

"தெரியலை கண்ணு. நீ மட்டும் போனை வெச்சுராதே."