சென்னியப்பன் மாமாவும் என் முதல் ஏர் ரைஃபிளும்

சென்னியப்பன் மாமாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறவர் அப்பா ஒருவர்தான். அவருக்கு அதைச் சொன்னது மாமாவேதான்.

கல்லூரி ரைஃபிள் கிளப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே துப்பாக்கிகள் குறைவு, ஆட்கள் அதிகம். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் அடுத்த மாத அணித் தேர்வுக்கு ஒழுங்காகப் பழக முடியும். அப்பா சம்மதித்தார். ஆனால், "மாமா கூட வருவாரு. அவரு எதைக் கை காட்டுறாரோ அதுதான் வாங்கோணும்" என்று சொல்லிவிட்டார். வாங்கின பிறகு மாற்றித் தரமாட்டார்கள். நானோ பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நானே சாரி சொல்கிற ஆள். மாமா பீரங்கியைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

காந்திபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது ரெஜினா அக்காவின் விளையாட்டுச் சாமான் கடை. நாங்கள் போனபோது, பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டக் கொடுத்துவிட்டு ஒருவர் ஸ்டூலில் காத்திருந்தார். ரெஜினா அக்கா இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று தோளில் வைக்கிற தேக்கு நிறக் கட்டையும் மேலே தொலைநோக்கியுமாக மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடித்தது போல இருந்தது. இன்னொன்று ஒல்லி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. மழை நாளில் கையில் எடுத்துக்கொண்டு போகிற குடை மாதிரி.

மாமா குடையைத் திரும்பியே பார்க்கவில்லை. "இதுதானுங்க. பேக் பண்ணுங்க" என்று மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார்.

"இருங்ணா. சுடப்போறது நீங்களா, பாப்பாவா?" என்றார் ரெஜினா அக்கா. "நம்ம கடையில ஒரு பழக்கம். வாங்கறவங்க துப்பாக்கியத் தோள்ல வெச்சு, அதோ செவுத்துல ஒட்டியிருக்குதே புள்ளி, அதையே பாத்துட்டு நிக்கோணும். சீக்கிரம் கை நடுங்கிச்சுன்னா அது அவங்களுக்கு ஆகாது."

உள்ளே பெல்லட் குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, பெரியதை என்னிடம் கொடுத்தார். விசையில் விரல் வைக்கக் கூடாது என்றார். தோளில் வைத்தேன். கடை அமைதியானது. மாமாவுக்கு அமைதி ஆகாது.

"கனம் இருக்கோணும் அம்மணி. மொதத் துப்பாக்கிக்குக் கனம்தான் முக்கியம்" என்று ஆரம்பித்தார். "என்ற மொதத் துப்பாக்கியக் கொண்டாந்து வாசல்ல வெச்சேன் பாருங்க, பூமி அமுங்கி, பக்கத்து வீட்டுக் கெணத்துல தண்ணி மேல வந்துருச்சு. கோடையில அந்த வீட்டுக்காரம்மா வந்து நிக்கும். 'ஏனுங் சென்னியப்பண்ணா, துப்பாக்கியக் கொஞ்சம் எறக்கி வெய்யுங்க, துணி தொவைக்கோணும்'னு."

"அப்ப மோட்டாரே தேவைப்பட்டிருக்காதே" என்றார் ராக்கெட்காரர்.

"கரண்டு ஆபீசுல இருந்து வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க. தெருவுல யாருக்குமே பில்லு வரலைன்னு!"

கிணற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் என் இடது கை இறங்கிவிட்டது. குழலின் முனை புள்ளியை விட்டுவிட்டு, பக்கத்தில் தொங்கிய காலண்டரில் அமாவாசையைத் தேடிக்கொண்டிருந்தது. ரெஜினா அக்கா வந்து வாங்கிக்கொண்டார்.

"நடுங்குதுங்ணா."

"அது கை நடுங்கலீங்க. நல்ல துப்பாக்கிக்கு உசுரு உண்டு. புது ஆளுகிட்டப் போகோணும்னா துடிக்கும். பழகிருவா. பில்லப் போடுங்க."

பழகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. தேர்வன்று எல்லோரும் புள்ளியைச் சுடும்போது நான் காலண்டரைச் சுட்டுக்கொண்டிருப்பேன். சொல்ல வாயெடுத்தேன். மாமா திரும்பி, "என்ன அம்மணி, புடிச்சிருக்குதா?" என்றார். தலை தானாக ஆடிவிட்டது.

"இதையும் ஒருக்கா புடிக்கட்டும்" என்று ரெஜினா அக்கா குடையை எடுத்து நீட்டினார்.

கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. என் கன்னத்துக்கென்றே அளவெடுத்தது போலப் பொருந்தியது. முனைக்கு நேரே புள்ளி. மாமாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது அவர் குரல் உயர்ந்ததிலேயே தெரிந்தது.

"இதெல்லாம் ஒரு துப்பாக்கிங்களா? விசைய அமுக்கினாத்தானே இது சுடும்?"

"அமுக்காம எப்படிங்ணா சுடும்?"

"என்ற துப்பாக்கி நெனைச்சாச் சுடும்" என்றார் மாமா. "வாங்கின அன்னிக்கு உக்கடத்துல பஸ் ஏறுனேன். மடியில துப்பாக்கி. அதைப் பத்தி நெனைச்சே போடக்கூடாதுன்னு பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிட்டே வர்றேன். கெணத்துக்கடவு தாண்டையில கண்டக்டர் வந்து, 'தம்பி, மடியில என்ன?'ன்னு கேட்டுப்போட்டான். கேட்டா நெனைக்காம இருக்க முடியுங்களா? படீர்! அவன் கையில இருந்த டிக்கெட் கட்டுல, அத்தனை டிக்கெட்டுக்கும் நடுமையத்துல ஒரே ஓட்டை. அன்னையில இருந்துதான் டிக்கெட்டுல ஓட்டை போடற பழக்கமே வந்துச்சு."

"ஏனுங், எங்கப்பாரு காலத்துலயே டிக்கெட்டுல ஓட்டை போட்டாங்களே" என்றார் ராக்கெட்காரர்.

"உங்கப்பாரு பின்சீட்டுல உக்காந்திருந்தாருங்க. அவருதான் எனக்குத் தண்ணி குடுத்தாரு."

ராக்கெட்காரர் தன் அப்பாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார். ரெஜினா அக்கா மட்டும் விடவில்லை. "பஸ்ஸுல லோடு பண்ணின துப்பாக்கியவா கொண்டு போனீங்க? ரைஃபிள் கிளப்புல இருந்திருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க."

"லோடு பண்ணலீங்களே! அது சுடறதுக்கு பெல்லட் வேணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் புள்ளியைப் பார்த்தபடி நின்றேன். சிரிப்பை அடக்கினால் துப்பாக்கி ஆடும், சிரித்தாலும் ஆடும். மூச்சை மெதுவாக விட்டேன். ஆடவில்லை.

மாமா ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார். கதையின் வேகம் கூடியது.

"சரி, பெல்லட் போட்டே சுட்டதச் சொல்றேன். ஆடி மாசம். பாலக்காட்டுக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். தோட்டத்துல அட்டைய நட்டு வெச்சுச் சுடறேன். எதுத்த காத்து. குண்டு பாதி தூரம் போயி, அந்தரத்துல நின்னுருச்சு!"

"கீழ விழலீங்களா?"

"விழறதுக்குக் காத்து விடோணுமே! அப்படியே நிக்குது. பால்காரரு சைக்கிள்ல வந்தாரு, தலையில பட்டுரும்னு குனிஞ்சு போனாரு. நான் துப்பாக்கியச் சாத்தி வெச்சுட்டு, டீயக் குடிச்சுட்டு, நெதானமா நடந்து போயி, குண்டுக்குப் பின்னாடி சுண்டு வெரல்ல ஒரு தட்டுத் தட்டினேன். அப்பறம்தான் போயி நடுப்புள்ளியில பட்டுச்சு."

"அப்ப சுட்டது வெரலுங்களா, துப்பாக்கியா?" என்று கேட்டார் ரெஜினா அக்கா.

மாமா அந்தக் கேள்வியைக் காற்றோடு விட்டுவிட்டார். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்தத் துப்பாக்கி இன்னும் இறங்கவில்லை, மாமா, பாருங்கள். வார்த்தை தொண்டை வரை வந்து, மாமாவின் குண்டு போல அங்கேயே நின்றுகொண்டது. பின்னால் தட்டிவிடத்தான் ஆளில்லை.

"ஈரோட்டுப் போட்டியக் கேட்டீங்கன்னா இந்தக் குடைய நீங்களே தெருவுல வீசிருவீங்க" என்றார் மாமா. இப்போது எழுந்தே நின்றுகொண்டார். "நான் போயி நிக்கறேன். கட்டையக் கன்னத்துல வெக்கறேன். எதுத்தாப்புல அட்டையில இருந்த கறுப்புப் புள்ளி மெதுவா நகருது. நான் அக்கட்டால திருப்பினா அது இக்கட்டால வருது. கடைசில அட்டைக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிச்சு! பக்கத்து அட்டையெல்லாம் பாக்கறேன், அத்தனையும் வெள்ளை. ஒரு புள்ளி இல்லை. ஜட்ஜு ஓடி வந்து கையெடுத்துக் கும்புடறாரு. 'சென்னியப்பன், நீங்க துப்பாக்கியக் கீழ வெச்சாத்தான் புள்ளிக திரும்பி வரும், மத்தவங்க சுடோணும்'னாரு. சுடாமலே எனக்குத்தான் கப்பு."

"அந்தக் கப்பு எங்கீங்ணா?"

"வீட்டுக்குக் கொண்டாந்து துப்பாக்கி பக்கத்துல வெச்சேன். அதுவும் ஓடிப்போச்சு."

சொல்லிவிட்டு மாமா மேஜையை ஓங்கித் தட்டினார். "துப்பாக்கின்னா அப்படிப் புள்ளி பயப்படோணும். பெருசையே போடுங்க. இவங்கப்பா என்னை நம்பித்தான் அனுப்பியிருக்காரு."

ரெஜினா அக்கா என்னைப் பார்த்தார். அவர் பில் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மாமா" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்ததால்தான் மீதியைச் சொல்ல முடிந்தது.

"நீங்க கெணத்துல தண்ணிய மேல கொண்டு வர்றதுக்குள்ள அந்தத் துப்பாக்கி கீழ வந்துருச்சுங்க. இது பஸ்ஸு, காத்து, ஈரோடு எல்லாத்தையும் தாண்டி நிக்குது. உங்க பேச்சையே தாங்குது. எனக்கு இது போதுங்க மாமா."

ராக்கெட்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாமா பக்கத்தில் வந்து, குழலின் முனையைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். மறுபடி முனையைப் பார்த்தார்.

பிறகு ரெஜினா அக்காவிடம், "பாத்தீங்களா? இதை அவளே கண்டுபிடிக்கோணும்னுதான் நான் இவ்வளவு நேரம் தொண்டத் தண்ணி வத்தப் பேசினேன். குடையவே போடுங்க. என்ற தேர்வும் அதுதான்" என்றார்.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் மாமா ஆட்டோக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இந்தப் பாப்பா சாதாரணப் பாப்பா இல்ல. காத்தால துப்பாக்கியத் தூக்கினவ, கடை சாத்தற வரைக்கும் எறக்கல. கடைக்காரம்மா மத்தியானம் வீட்டுக்குப் போயி, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வந்துச்சு. இவ அப்படியே நிக்கறா. துப்பாக்கி ஆடவே இல்லைன்னு குழல்மேல ஒரு குருவி கூடு கட்ட வந்துருச்சு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நெசமாங்க பாப்பா?"

மாமா வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"குருவி வந்தது நெசந்தானுங்க" என்றேன். "ஆனா அப்ப நான் அங்க இல்லீங்க. ஜடை பின்னிக்க உள்ள போயிருந்தேன். துப்பாக்கி அது பாட்டுக்கு அங்கயே நின்னுட்டிருந்துச்சு."

ஆட்டோ ஒரு குலுங்குக் குலுங்கியது. மாமா மெதுவாகத் திரும்பி, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அம்மணி," என்றார் கவலையோடு, "புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"